உபகாரமா, சம்பளமா?

கல்வி உதவித்தொகை என்று இன்று எழுதுகிறோம். நம் பெரியவர்கள் அதை உபகாரச் சம்பளம் என்றார்கள். எனக்கு அந்தப் பழைய சொல்தான் பிடித்திருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு வழக்கு அடங்கியிருக்கிறது. உபகாரம் என்றால் பலனை எதிர்பாராமல் செய்வது. சம்பளம் என்றால் செய்த வேலைக்குக் கூலி. அப்படியானால் அதை வாங்குகிற பிள்ளை நன்றி சொல்ல வேண்டுமா, கணக்குச் சொல்ல வேண்டுமா?

தோல் பதனிடும் ஆலையால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. அங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1949-ஆம் ஆண்டில், சி. ராஜம் என்ற தொழிலதிபர் தாம் வாழ்ந்த 'இந்தியா ஹவுஸ்' மாளிகையை விற்று ஒரு கலாசாலை தொடங்கினார். அதுதான் எம்.ஐ.டி. என்கிற சென்னைத் தொழில்நுட்பக் கழகம். விமானம், மோட்டார், மின்னணு, நுண்கருவி என்று அந்நாளில் அபூர்வமாக இருந்த படிப்புகளை அங்கே கற்றுக் கொடுத்தார்கள். 1978-இல் அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்து முடித்த அப்துல் கலாம் அங்கே இடம் பெற்றபோது, சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. ராமேஸ்வரத்துக் குடும்பத்துக்கு அது மலை. அக்காள் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகைகளைத் தம் சம்பாத்தியத்தில் மீட்பது என்று தம்பி சங்கற்பம் செய்துகொண்டார். மாணவனுக்கு ஏது சம்பாத்தியம்? நன்றாகப் படித்து உபகாரச் சம்பளம் வாங்குவது ஒன்றுதான் வழி.

வாங்கினார். ஆனால் வாங்குவது வேறு, காப்பாற்றிக் கொள்வது வேறு. தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றுக்கு வரைபடம் தயாரிக்கும் வேலை, கலாமுக்கும் உடன் படித்த நால்வருக்கும் தரப்பட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், கலாசாலைத் தலைவர் பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார்; அவருக்குத் திருப்தி இல்லை. கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்று நாள். திங்கட்கிழமை காலை வரைபடம் வராவிட்டால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். அன்று இரவு கலாம் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வேலை முடியும் தறுவாயில், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கவே திரும்பிப் பார்த்தார். டென்னிஸ் உடையைக் கூட மாற்றாமல் பேராசிரியர் நின்று கொண்டிருந்தார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாயாரப் பாராட்டினார். சுயசரிதையில் கலாமே இதைச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணத்து ராமானுஜன் நினைவுக்கு வருகிறார். 1904-இல் அவருக்கும் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் பரீட்சையில் தவறினார், சம்பளம் போயிற்று. வீட்டில் சொல்லிக் கொள்ளாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். அவரைக் கூப்பிட்டு, "என்னப்பா சங்கதி?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால்?

1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் கேட்டது என்றே சொல்ல வேண்டும். துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவருக்கு, பட்டம் இல்லாத குறையைப் பாராமல், மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் இரண்டு வருஷத்துக்கு அளித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுமுன் மூன்று அறிக்கைகளைக் கொடுத்துவிட்டார். தகுந்த நிபந்தனை போட்டால் காப்பாற்றத் தெரிந்தவர்தான் அவர்!

அதே 1913-ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானம் அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷத்துக்கு. படிப்பு முடிந்ததும் பத்து வருஷம் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம், அவர் கையெழுத்திட்டார். சொன்ன சொல் தவறாமல் 1917-இல் பரோடாவுக்கு வந்து சேர்ந்தார். வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. கச்சேரிச் சேவகர்கள் தீட்டுக்கு அஞ்சிக் காகிதக் கட்டுகளை அவர் மேஜைமேல் வீசி எறிந்தார்கள். சாதியை மறைத்து அவர் தங்கியிருந்த பார்சி விடுதிக்குப் பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, உடனே காலி செய்யச் சொல்லிற்று. போக்கிடம் இல்லாமல் ஒரு பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

பத்து வருஷ ஒப்பந்தம் இப்படி முறிந்தது. முறித்தவர் யார்? பத்திரத்தைப் பார்த்தால், வேலையை விட்டுப் போனவர் அம்பேத்கர்தான். ஆனால் உழைக்க வா என்று அழைத்தவர்களுக்கு, உழைக்கிறவன் தலைசாய்க்க ஓர் இடம் தரும் கடமை இல்லையா? மகாராஜா சயாஜிராவ் தாராள மனம் உடையவர்தான். அவருடைய தாராளம் கஜானாவிலிருந்து புறப்பட்டு நியூயார்க் வரைக்கும் போயிற்று. சொந்த ஊர்க் கச்சேரி வாசற்படியைத்தான் அதனால் தாண்ட முடியவில்லை.

உபகாரச் சம்பளம் என்பது ஒப்பந்தந்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மதிப்பெண் கேட்கட்டும், அறிக்கை கேட்கட்டும், இத்தனை வருஷம் உழை என்றும் கேட்கட்டும். சும்மா கிடைத்தது என்ற கூச்சமில்லாமல் பிள்ளை தலைநிமிர்ந்து நடக்க அதுவே உதவும். ஆனால் பத்திரத்தில் எழுதுவதெல்லாம் வாங்குகிறவன் கடமை மட்டுமே; கொடுக்கிறவர் கடமையை எந்தக் குமாஸ்தாவும் எழுதுவதில்லை. சம்பளத்தை நிறுத்திவிடுவேன் என்ற வார்த்தை குரோம்பேட்டையிலும் கேட்டது. அது ஒரு பையனை உருவாக்கியதற்குக் காரணம், சொன்னவர் திங்கட்கிழமை வரை காத்திராமல் ஞாயிற்றுக்கிழமையே அவனைத் தேடி வந்து பார்த்ததுதான். பணம் சம்பளம், அந்தப் பார்வைதான் உபகாரம்.