கண்ணாடிக்குள் ஒரு மீன்கூட்டம்

பவளப்பாறையில் வாழும் மீன்களில் பலவற்றுக்குத் தனியாக இருக்கத் தெரியாது. பச்சை குரோமிஸ், ஆந்தியாஸ், கார்டினல் போன்றவை ஒரே பவளக் கொத்துக்கு மேலே பத்தாக, ஐம்பதாக, சில இடங்களில் நூற்றுக்கணக்கில் நின்று, நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிர்களைக் கொத்தித் தின்னும். பெரிய மீனின் நிழல் பட்டால் கூட்டம் முழுவதும் ஒரே நொடியில் பவளக் கிளைகளுக்குள் மறையும். சாளையும் நெத்திலியும் போல அணிவகுத்து நெடுந்தூரம் ஓடுபவை அல்ல இவை. இருந்த இடத்தை விட்டு அதிகம் விலகாதவை. அதனாலேயே தொட்டிக்கு ஏற்றவை என்ற எண்ணம் எழுந்தது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கும் வழக்கம் தொடங்கி ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகின்றன. பவளப்பாறை மீன் ஒன்றை ஒழுங்காக உயிரோடு வைக்கக் கற்றுக்கொள்ளவே அதில் முதல் நூறு ஆண்டுகள் போயின. கூட்டத்தைக் காப்பாற்றும் வித்தை அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

தொடக்கத்தில் மீனே இல்லை. 1832-ல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ழான் வில்ப்ரூ-பவர் என்ற பெண்மணி, ஆக்டோபஸ் இனத்தைச் சேர்ந்த ஆர்கோனாட்டை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டி செய்துகொண்டார். 1846-ல் அன்னா தின் என்பவர் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுபோனார். நீரைப் புதிதாக வைத்திருக்க அவர் கண்ட வழி எளியது: வீட்டு வேலைக்காரி நாள்தோறும் திறந்த ஜன்னலருகே நின்று, டீ ஆற்றுவதுபோல ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை ஊற்றி ஊற்றி ஆற்றுவாள். அடுத்த ஆண்டில் தின் கடற்பாசியையும் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜன் தருகிறது, உயிர்கள் அதைச் சுவாசிக்கின்றன என்ற இந்தச் சமநிலையை 1850-ல் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து விளக்கினார்.

அதன்பின் வந்தவர் பிலிப் ஹென்றி காஸ். 1853-ல் லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவின் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்ட மீன் மாளிகைக்கு உயிர்கள் சேர்த்துத் தந்தவர்களில் ஒருவர். மறுவருடம் அவர் எழுதிய ‘தி அக்வேரியம்’ நூல் அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. கடலிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்காகச் சமையல் உப்பு, பேதி உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு நான்கையும் நன்னீரில் கரைத்துக் கடல்நீர் செய்யும் அளவையும் அவர் வெளியிட்டார். இங்கிலாந்தில் நடுத்தர வர்க்க வீடுகளில் தொட்டி மோகம் பிடித்தது. ஆனால் அந்தத் தொட்டிகளில் இருந்தவை கடல் சாமந்தியும் நண்டும் குளிர்ந்த பாறைக் குட்டைகளில் பதுங்கும் சிறு மீன்களும்தான். பாசி தரும் ஆக்சிஜன் ஓரிரு உயிர்களுக்குப் போதும். ஒரு கூட்டத்துக்கு இரவு தாண்டாது.

கூட்டத்துக்குத் தேவை தொட்டியில் இருப்பதைவிட அதிக நீர் என்பதை முதலில் செயலில் காட்டியவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். லண்டனில் கடல் உயிர்கள் விற்றுவந்த கடைக்காரர் அவர். 1864-ல் திறந்த ஹாம்பர்க் காட்சிச்சாலையிலும் 1871-ல் திறந்த லண்டன் கிரிஸ்டல் பேலஸ் காட்சிச்சாலையிலும், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை இருட்டில் மறைத்துவைத்து, அங்கிருந்து நீரை இடைவிடாமல் சுற்றவிட்டார். இன்று வீட்டுத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் ஒளித்து வைக்கப்படும் ‘சம்ப்’ இந்த யோசனையின் சிறு வடிவம். கடலோரத்தில் இருந்தவர்களுக்கோ கடலே தேக்கமாக அமைந்தது. 1909-ல் சென்னை மெரினாவில் மக்களுக்குத் திறக்கப்பட்ட கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலை அப்படிக் கடற்கரையிலேயே நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

காட்சிச்சாலைகளால் முடிந்தது வீட்டில் முடியாமல் போனதற்குத் தொட்டியின் உடலே ஒரு காரணம். அக்காலத் தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பதித்துப் புட்டிப் பசை பூசியவை. உப்புநீர் சட்டத்தை அரித்தது. கரைந்த உலோகம் மீனைக் கொன்றது. 1960-களில் சிலிக்கான் பசை வந்து, சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டத் தொடங்கிய பின்புதான் அந்தச் சங்கடம் தீர்ந்தது. 1964-ல் ‘இன்ஸ்டன்ட் ஓஷன்’ என்ற கலப்பு உப்பு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. காஸின் நான்கு உப்புகளோடு நுண்ணளவுத் தனிமங்களும் சேர்ந்து பையில் கிடைக்க, கடலையே பார்த்திராத ஊர்களிலும் கடல்நீர் தயாரானது.

மீன் வந்து சேர்ந்த வழியும் இதே காலத்தில் மாறியது. முன்பு கப்பலில் தகர டின்னில் வாரக்கணக்கில் வந்து, வழியிலேயே பாதி செத்துப்போன மீன்கள், போருக்குப் பின் பாலிதீன் பையில் ஆக்சிஜன் நிரப்பி விமானத்தில் ஏற்றப்பட்டன. இலங்கையில் 1930-களிலேயே சிறிய அளவில் தொடங்கிய இந்த ஏற்றுமதி, விமானம் வந்த பிறகு பெருகியது. பிலிப்பைன்ஸில் 1960-களில் பாறை இடுக்கில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் முறை பரவியது. அது பவளத்தையும் கெடுத்தது, மீனின் ஈரலையும் கெடுத்தது. வாங்கியவர் தன் கவனக்குறைவால் செத்தது என்று நினைத்த மீன்களில் எத்தனையோ, கடையிலிருந்து வரும்போதே பாதி செத்தவை.

தொட்டி கிடைத்தது, உப்பு கிடைத்தது, மீனும் கிடைத்தது. ஆனாலும் பத்து குரோமிஸ் வாங்கி விட்டவர் பதினைந்து நாளில் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மீன் செவுள் வழியாக அம்மோனியா கழிக்கிறது. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். மண்ணில் இது நடப்பதை 1890-லேயே செர்கேய் வினோகிராட்ஸ்கி கண்டுவிட்டார். வீட்டுத் தொட்டிக்காரர்களிடம் அந்த அறிவு வந்துசேர இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் பிடித்தன. 1950-களில் சரளைக்கு அடியில் துளைத் தட்டை வைத்து, காற்றுக் குமிழியால் நீரை மேலிருந்து கீழே இழுக்கும் வடிகட்டி பரவலானது. சரளைக் கற்களின் மேற்பரப்பே பாக்டீரியாவின் குடியிருப்பு. ஆனால் அது குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எத்தனை மீன் கழிக்கிறதோ அந்த அளவுக்கே பெருகும்.

கூட்ட மீன் வளர்ப்பின் மையச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வேதியியல் கேட்பது: மீனை ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒன்றாக விடு. மீனின் குணம் கேட்பது வேறு: மொத்தமாக ஒரே நாளில் விடு. முதலில் வந்த குரோமிஸ் தொட்டியைத் தன் இடமாக்கிக்கொள்ளும். இரண்டாவதாக வருவதைக் கண்ணாடி மூலையில் ஒதுக்கி, துடுப்பைக் கடித்து, தீனி பக்கம் அண்டவிடாமல் துரத்தும். மொத்தமாக விட்டாலோ பாக்டீரியா சமாளிக்காமல் அம்மோனியா ஏறும். ஒரு பக்கம் நஞ்சு, மறுபக்கம் சண்டை. மீன் விடுவதற்கு முன்பே தொட்டிக்கு அம்மோனியா ஊட்டி, பாக்டீரியாவைக் கூட்டத்தின் அளவுக்கு முன்கூட்டியே வளர்த்து வைக்கும் வழக்கம் பிறகு வந்தது இதற்குத்தான்.

அம்மோனியாவைத் தாண்டிய கூட்டத்துக்கு நோய் காத்திருந்தது. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் மீன்களில் செவுளைத் தின்னும் ஒட்டுண்ணி ஒன்றை 1931-ல் இ. எம். பிரவுன் விவரித்தார், இன்று அதன் பெயர் அமிலூடினியம். உடலெங்கும் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி போடும் கிரிப்டோகாரியனை ஜப்பானியர் 1930-களின் பிற்பகுதியில் விவரிக்க, அதற்கு இன்றைய பெயரை 1951-ல் வைத்தவரும் பிரவுனே. இந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஒட்டுண்ணி. தின்று கொழுத்ததும் மீனை விட்டு உதிர்ந்து, தரையில் ஒட்டிக்கொண்டு, ஓடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிளந்து, குஞ்சுகளாக நீந்தி வெளிவரும். ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை சாகும். கடலில் பெரும்பாலும் சாகின்றன. நாலடித் தொட்டியில் பத்து மீன் நெருங்கி நிற்கும்போது ஒன்றுகூடத் தவறுவதில்லை. கடலில் பாதுகாப்புத் தரும் கூட்டம் தொட்டியில் நோய்க்கு விருந்தாகிவிடுகிறது.

மருந்து நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மயில்துத்தம்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் காட்சிச்சாலையில் இருந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர், தாமிர சல்பேட் அமிலூடினியத்தைக் கொல்வதை 1955-ல் வெளியிட்டார். அளவு கொஞ்சம் குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். பவளமும் இறாலும் அந்த அளவு தாமிரத்தையே தாங்காது. எனவே புது மீன்களைத் தனித் தொட்டியில் வைத்து மருந்திட்டு, சில வாரம் கழித்தே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். கூட்ட மீன் வளர்ப்பவருக்கு இது விருப்பத் தேர்வு அல்ல. ஆனாலும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இந்த ஒரு படிதான்.

இன்னொரு பாதை கிழக்கிலிருந்து வந்தது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், கடலிலிருந்து உயிரோடு எடுத்த பவளக் கற்களைத் தொட்டியில் அடுக்கி, வடிகட்டி எதுவுமின்றி மெல்லிய காற்றுக் குமிழி மட்டும் விட்டு மீன் வளர்ப்பதை 1961-ல் ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். அந்தக் கல்லின் நுண்துளைகளுக்குள் பாக்டீரியாவும் புழுவும் நுண் இறால்களும் குடியிருந்தன, கல்லே வடிகட்டி. வெப்பமண்டலக் கடல் பக்கத்தில் இருந்தவருக்கு எளிதாக இருந்தது மற்றவர்களுக்குக் கைகூடவில்லை. ஜெர்மனியில் 1960-களில் வந்த புரோட்டீன் ஸ்கிம்மர், நுண்குமிழிகளில் அழுக்கை ஒட்டவைத்து நுரையாக வெளியே தள்ளியது. அதையும் உயிர்க்கல்லையும் பலமான விளக்கையும் சேர்த்து பெர்லின் ஆர்வலர்கள் 1970, 80-களில் பவளத்தையே தொட்டியில் வளர்த்தார்கள். அமெரிக்காவில் 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய தொடர் கட்டுரைகள் இந்த மோகத்தை வீடுகளுக்குக் கொண்டுபோயின. இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் பவளக் கல்லை எடுப்பது புலியைப் பிடிப்பதற்குச் சமமான குற்றம்.

நீர் சரியானது, நோயும் அடங்கியது. அப்போதுதான் கூட்டத்தின் உள்விவகாரம் தெரியவந்தது. ஆந்தியாஸ் மீன்களில் எல்லாமே பெண்ணாகப் பிறந்து, ஆண் இறந்தால் பெண்களில் ஒன்று ஆணாக மாறுவதை 1970-ல் லெவ் ஃபிஷல்சன் வெளியிட்டார். பல ஆண்களை ஒரே நேரத்தில் அகற்றினால், அதற்கு ஈடான பெண்கள் வரிசை பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஆணாவதை டக்ளஸ் ஷாபிரோ பின்னர் காட்டினார். கூட்டம் என்பது சமமானவர்களின் கும்பல் அல்ல. மேலிருந்து கீழ்வரை படிநிலை உண்டு. கடலில் கீழ்ப்படியில் இருக்கும் மீன் ஒதுங்கிப்போக இடம் உண்டு. தொட்டியில் இல்லை. ஏழு குரோமிஸ் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சுவது தொட்டிக்காரர்கள் அனைவரும் அறிந்த கதை. இதைத் தள்ளிப்போடும் வழி சோறுதான். நாள் முழுதும் மிதவை உயிர் தின்று பழகிய மீனுக்கு ஒருவேளைத் தீனி பட்டினி. பசித்த மீனே கடிக்கும். உப்பளங்களில் பிறக்கும் ஆர்ட்டீமியா இறால் குஞ்சு நல்ல மீன் தீனி என்று ஸ்டைன்ஹார்ட்டின் ஆல்வின் சீல் 1933-ல் எழுதியிருந்தார். தூத்துக்குடி உப்பளங்களிலும் அது உண்டு. அதையும் உறைந்த சிறு இறாலையும் நாளுக்கு நாலைந்து முறை சிறிதுசிறிதாகக் கொடுத்தால்தான் ஆந்தியாஸ் கூட்டம் நிலைக்கிறது. அத்தனை தீனியின் கழிவைத் தாங்க மறுபடி பெரிய வடிகட்டி வேண்டும்.

இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சேர்ந்த கார்டினல் மீனின் கதையில் இவை எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. வெள்ளியில் கறுப்புப் பட்டையிட்ட இந்த மீன், நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகளுக்கு நடுவே கூட்டமாக ஒளிந்திருக்கும். 1933-ல் அறிவியல் பெயர் பெற்றும் மறக்கப்பட்டுக் கிடந்ததை 1994-ல் ஜெரால்டு ஆலனும் ரோஜர் ஸ்டீனும் மீண்டும் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வருடத்துக்கு 7 முதல் 9 லட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டன. கடையில் குட்டிகள் சமாதானமாகக் கூட்டம் கூட்டமாக நிற்கும். வாங்கிப்போய் வளர்த்தால் ஒரு ஜோடி சேர்ந்து மற்றவற்றைத் தீர்த்துக்கட்டும். பிடித்த மீன்களில் ஒரு வைரஸ் நோயும் பரவியது. 2007-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். இந்த மீனை அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது.

ஆனால் இதே மீன்தான் தொட்டியில் பெருக்க எளிதானது. ஆண் மீன் முட்டைகளை வாயில் அடைகாத்து, குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்து, முழு உருவம் பெற்ற குட்டிகளாக வெளியே விடும். அவற்றுக்கு ஆர்ட்டீமியா முதல் நாளே போதும். அதனால் பண்ணையில் பிறந்த பங்காய் கார்டினல்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. பச்சை குரோமிஸ் அப்படி இல்லை. 2004-05-ல் அமெரிக்கா இறக்குமதி செய்த ஒரு கோடியே 10 லட்சம் கடல் அலங்கார மீன்களில் எண்ணிக்கையில் முதலிடம் அதற்குத்தான். அதன் குஞ்சின் வாய்க்கு ஆர்ட்டீமியாகூடப் பெரிது. அதனினும் சிறிய, கோபிபாட் என்ற நுண்ணிய மிதவை உயிரின் குஞ்சுகள் வேண்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோபிபாட்டை ஊட்டி, குரோமிஸின் குடும்பமான டாம்சல் வகை மீன்களின் குஞ்சுகளை வளர்த்தெடுத்திருக்கிறது. இருந்தும் கடைக்கு வரும் பச்சை குரோமிஸில் பெரும்பகுதி இன்றும் கடலில் வலைபோட்டுப் பிடித்ததே.