ஆர்குட் இருந்ததும் மறைந்ததும்



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நம் கண்ணெதிரே தோன்றி, கண்ணெதிரே மறைந்த ஒன்றுக்கும் வரலாறு உண்டு. ஆர்குட்டைத்தான் சொல்கிறேன்.

கூகுளில் பணியாற்றிய துருக்கிப் பொறியாளர் ஆர்குட் புயுக்கோக்டென் உருவாக்கியது அது. அவர் பெயரையே தாங்கி 2004 ஜனவரி 24-இல் தொடங்கியது. ஆரம்பத்தில், உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் புதியவர் நுழைய முடியும். அமெரிக்காவில் பிறந்தாலும், அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவை பிரேசிலும் இந்தியாவும்தான். நம் சங்கரன்கோவில் பிரவுசிங் சென்டர்களில் காசு கொடுத்து உட்கார்ந்த தம்பிமார்களைக் கேளுங்கள். "ஏலே, ஸ்கிராப் போட்டேனே, பாத்தியா?" என்று திரிந்த நாட்களைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

அதில் 'டெஸ்டிமோனியல்' என்று ஒன்று உண்டு. நண்பன் நம்மைப் பற்றி எழுதுவான். நாம் சம்மதித்தால் அது நம் பக்கத்தில் நிற்கும். எங்கள் காலத்து ஆட்டோகிராப் நோட்டின் மறுபிறவி என்றால் மிகையாகாது!

பின்னர் கூட்டம் பேஸ்புக் பக்கம் சாய்ந்தது. 2014 ஜூன் 30-இல் மூடுவதாக அறிவித்தார்கள். செப்டம்பர் 30-இல் மூடினார்கள். தகவல்களை இறக்கிக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசமும் தந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேலை, கல்யாணம், வெளியூர் என்று சிதறிப்போன பலருக்குச் சேதியே எட்டவில்லை. யாகூ மெசஞ்சர் 2018 ஜூலையிலும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் அதே வழியில் போயின.

தந்தி சேவையும் 2013 ஜூலையில் நின்றதே, அப்போது என்ன போயிற்று என்று கேட்கலாம். தந்தி நின்றாலும், வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த தந்திக் காகிதம் நம்மிடமே இருந்தது. ஆர்குட்டிலோ கடிதமே அடுத்தவர் வீட்டில் குடியிருந்தது. வீட்டைப் பூட்டியதும் கடிதமும் போயிற்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓலைச்சுவடி என்ன, அழியாத பொருளா? செல்லரிக்கும், ஒடியும். தலைமுறைதோறும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படியெடுத்தார்கள். அதனால்தான் உ.வே.சாமிநாதையர் தேடிப்போனபோது ஏடுகள் கிடைத்தன. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது.

இன்று நம் செட்டுகள் எல்லாம் வாட்ஸ்அப்பில் கூடிக் குலவுகின்றன. நல்லதுதான். ஆனால் அந்த வீடும் நமதல்ல. ஆகவே ஒரு வேண்டுகோள். செட்டுக்குப் பத்துப் படங்களையாவது பிரிண்ட் போடுங்கள். பின்னால் பெயரும் வருடமும் எழுதுங்கள். மறைந்த ஆசிரியர்கள், நண்பர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, சங்கத்திடம் ஒரு படி கொடுத்து வையுங்கள். நாளை நம் கல்லூரியின் வரலாற்றை எழுத வருகிற பிள்ளைக்கு அதுதான் ஏடு!