மாட்டுச் சந்தையும் ஐந்தாண்டுத் திட்டமும்

தமிழ்வழியில் பயின்று எங்கள் கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர், இயற்பியல் ஆய்வுக் குறிப்பேட்டில் ‘டூ மீட்டர் ஒயர்’ என்று ஆங்கிலத்தில் சரியாகவே எழுதினார். பிறகு ஐயம் தோன்றவே, ‘மீட்டர்’ என்பதோடு ‘ஸ்’ ஒன்றைச் சேர்த்துவிட்டார். காரணம் கேட்டேன். “இரண்டு என்றால் பன்மையாயிற்றே, சார்! தமிழ்ப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்” என்றார். சரியானதையே தவறென்று எண்ண வைத்த இந்த அச்சம் தேவைதானா, வாசக நண்பர்களே?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மரம் தோப்பாகாது. ஆயினும் ‘தென்னைகள் தோப்பு’ என்று எவரும் சொல்வதில்லை. ஒரே ஒரு மாட்டுக்காகச் சந்தை கூடுவதில்லை. ஆயினும் அது ‘மாட்டுச் சந்தை’தான். முன்னிற்கும் பெயர் எண்ணிக்கையைச் சொல்ல வரவில்லை. வகையைச் சொல்ல வருகிறது. ஆங்கிலத்திலும் பெரும்பாலும் இப்படித்தான். பற்கள் அனைத்தையும் துலக்கும் கருவிக்கு ‘டூத் பிரஷ்’ என்றே பெயர்; ‘டீத் பிரஷ்’ அன்று.

எண் சேர்ந்து வந்தாலும் இதே நிலைதான். 1951இல் நம் நாட்டில் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டம், ஆங்கிலத்தில் ‘ஃபைவ் இயர் பிளான்’ ஆயிற்று. ‘இயர்ஸ்’ எங்கே போயிற்று?

இதற்கு விடை வரலாற்றில் உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், அடியைக் குறிக்கும் சொல் ‘ஃபோட்’. ‘ஆறடி’ என எண்ணோடு சேரும்போது அது ஆறாம் வேற்றுமைப் பன்மையாக ‘ஃபோட்டா’ என வரும். காலப்போக்கில் அந்த இறுதி உயிரொலி தேய்ந்து மறைந்தது. எஞ்சிய ‘ஃபுட்’ ஒருமைபோல் தோன்றுகிறது. உண்மையில் அது உருபை இழந்த பழைய பன்மை. பின்னாளில் வந்த மீட்டர், ஓம் முதலிய அலகுகளும் அதே வழியைப் பின்பற்றின.

தமிழின் கதை வேறு. நம் அஃறிணைப் பெயர்களுக்குக் ‘கள்’ விகுதி கட்டாயமன்று. ‘பத்து மரம்’ என்றாலும் போதும். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இவ்வியல்பைச் சுட்டியுள்ளார். காரணங்கள் வேறு, விளைவு ஒன்று!

விதிவிலக்குகளும் உண்டு. 1939இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விற்பனை வரி, ‘சேல்ஸ் டாக்ஸ்’. ஒரு விற்பனையை அன்றி, வணிகத்தின் மொத்த விற்பனையைக் குறிப்பதால் ‘ஸ்’ நிலைத்தது. ‘ஃபிசிக்ஸ்’ என்பதும் கிரேக்கப் பன்மைப் பெயரின் வழி வந்ததே. ‘ஸ்’ஸை நீக்கி ‘ஃபிசிக்’ என்றால், பழைய ஆங்கில வழக்கில் மருந்து என்று பொருள்படும். நான் மருத்துவ ஆசிரியனாகிவிடுவேன்!

நம் கோவையின் பெயர்ப்பலகைகளே இதற்கு நல்ல பாடம். 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையின் பெயர் ‘கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்ஸ்’. ஆனால் ஆலையில் உழைப்பவர் ‘மில் தொழிலாளி’. வேலை நேரத்தை அறிவிப்பது ‘மில் சங்கு’. 1933இல் நிறுவப்பட்ட ‘சிமா’வின் பெயரில் ‘மில்ஸ்’ என்பதற்குப்பின் உடைமைக் குறி உண்டு. ஆலைகளின் சங்கம் என்பது பொருள். 1956இல் தோன்றிய ‘சிட்ரா’வின் பெயரிலோ ‘டெக்ஸ்டைல்’ என ஒருமையே நிற்கிறது. எத்துறை ஆராய்ச்சி என்பதைத்தான் அது சொல்ல வேண்டும்.

ஆகவே ஐயம் வரும்போது, ‘இச்சொல் எத்தனை என்கிறதா, எவ்வகை என்கிறதா?’ என்று கேளுங்கள். கம்பியின் நீளம் ‘டூ மீட்டர்ஸ்’. கம்பியோ ‘டூ மீட்டர் ஒயர்’. விதிவிலக்குகளைப் பழக்கத்தால் அறியலாம். பொது விதியோ உங்கள் தாய்மொழியிலேயே இருக்கிறது.

இதைச் சொன்னதும் அம்மாணவர் பேனாவை எடுத்து, தாம் சேர்த்த ‘ஸ்’ஸைத் தாமே அடித்துவிட்டார்.