பட்டா இல்லாதவர்களின் எண்ணெய்க் கணக்கு

கடையத்தில் இருப்பவர்களுக்குக் குற்றாலம் பக்கம். நாம் பேசப்போவது மயிலாடுதுறை அருகிலுள்ள குத்தாலத்தை. காவிரிப் படுகை எரிவாயுவுக்காக 101 மெகாவாட் மின்நிலையம் அமைந்த ஊர் அது. அங்கே பிறக்கும் மின்சாரம் மாநிலத்தின் பொதுக் கம்பியில்தான் சேர்கிறது. நம் வீட்டு விளக்குக்கும் அதில் பங்குண்டு.

1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. கிணற்றுக்கு நிலம் எடுத்தால் பணம் பட்டாதாரருக்குப் போகும். அந்த வயலில் நாற்று நட்ட சேரிப் பெண்ணுக்கு? கூலி போனதைக் காட்ட அவரிடம் எந்தக் காகிதமும் இல்லை. கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டத்துக்காக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண்தான் இது.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயிலிருந்து வயலில் எண்ணெய் கசிந்தது. திரண்ட மக்கள்மீது தடியடி நடந்தது. நெடுவாசல் அதற்குச் சில மாதம் முன்பே எழுந்திருந்தது. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. நல்ல சட்டம்தான். ஆனால் ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அது தொடவில்லை.

போராட்ட மேடைகளில் 'விவசாயி' என்றாலே நிலமுடையவர்தான். தோழர்களே, அடுத்த கசிவுக்கு இழப்பீடு கணக்கிடும்போது, அந்த வயல்களில் கூலி வேலை செய்தோரின் பட்டியலையும் கிராம சபையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.