வழக்கிலிருந்து நாவலுக்கு: விக்டோரியா காலத்துப் பம்பாயும் தமிழ்ச் சீர்திருத்தக் கதையும்

விக்டோரியா கால இலக்கியம் என்றால் டிக்கன்ஸ், பிராண்டி சகோதரிகள், ஜார்ஜ் எலியட் என்று இங்கிலாந்துப் பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்திய மொழிகள் பலவற்றில் நாவல் பிறந்ததும் அதே அரசியின் ஆட்சிக்காலத்தில்தான். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியபோது ஜார்ஜ் எலியட் உயிரோடு இருந்தார். குழந்தை மணமும் கைம்மையும் பம்பாயில் நீதிமன்ற வழக்காகவும் நாளிதழ்க் கடிதமாகவும் பேசப்பட்டு, பின்னர் ஒரு பெண் 'நான்' என்று தன் கதையைச் சொல்லும் நாவல்வரை வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது. அந்த நாவலின் கண்ணில் எந்தச் சமூகம் பட்டது, எது படவில்லை என்பதும் இதனுள் அடங்கிய கேள்வி.

கைம்பெண் மறுமணச் சட்டம் 1856இல் வந்தது. அடுத்த ஆண்டே பாபா பத்மன்ஜி மராத்தியில் 'யமுனா பர்யடன்' எழுதினார். நாடு சுற்றும் யமுனாவின் கண்வழியே கைம்பெண்களின் துயரம் அதில் அடுக்கடுக்காக விரிகிறது. சட்டம் இருந்தும் வீடுகள் மாறவில்லை. 1884இல் பம்பாய்ப் பத்திரிகையாளர் பெஹ்ராம்ஜி மலபாரி, குழந்தை மணத்தையும் கட்டாயக் கைம்மையையும் கண்டித்துக் குறிப்புகள் வெளியிட்டதும் விவாதம் நாடெங்கும் பற்றிக்கொண்டது. அதுவரை பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

1885 ஜூனில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் 'ஓர் இந்துப் பெண்' என்ற புனைபெயரில் குழந்தை மணம் பற்றி ஒரு கடிதம் வந்தது. செப்டம்பரில் கட்டாயக் கைம்மை பற்றி இன்னொன்று. எழுதியவர் ருக்மாபாய், இருபது வயதுப் பெண். பதினோரு வயதில் தாதாஜி பிகாஜிக்கு மணம் செய்துவைக்கப்பட்டவர். கணவன் வீட்டுக்குப் போகாமல் தாய்வீட்டிலேயே வளர்ந்து படித்தவர். மனைவியைத் தன்னோடு வாழ அனுப்பவேண்டும் என்று தாதாஜி 1884இல் வழக்குத் தொடுத்திருந்தார். 1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹே, விவரமறியா வயதில் கட்டிவைத்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக ஓர் ஆணிடம் ஒப்படைக்க முடியாது என்று வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அது திரும்பி வந்தது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவனோடு போய் வாழவேண்டும், மறுத்தால் ஆறு மாதம் வரை சிறை என்று தீர்ப்பளித்தார். சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். திலகரின் பத்திரிகைகள் அவரைச் சாடின; இங்கிலாந்தில் மாக்ஸ் முல்லர் போன்றோர் அவர் பக்கம் நின்றனர். கடைசியில் 1888இல் தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு விலகினார். ருக்மாபாய் லண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நீண்டகாலம் மருத்துவராகப் பணியாற்றினார்.

அவரை மிரட்டிய சட்டத்தின் பிறப்பிடத்தைப் பார்க்கவேண்டும். கணவனோடு வாழ மனைவியைக் கட்டாயப்படுத்தும் வழக்குமுறை இந்து சாஸ்திரத்திலிருந்து வந்ததன்று. இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து இங்கே இறக்குமதியானது. அந்த ஆணையை மீறியவர்களைச் சிறையிலடைப்பதை இங்கிலாந்து 1884இலேயே கைவிட்டுவிட்டது. ருக்மாபாய்மீது வழக்குத் தொடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். கொடுமைக்காரக் கணவனைவிட்டு மகனோடு வெளியேறும் பெண்ணை ஆன் பிராண்டி 1848இல் நாவலாக்கியபோது, அப்படி வெளியேறுவதற்கு ஆங்கிலச் சட்டத்திலேயே இடமில்லை. நாவல் முன்னே போக, சட்டம் பல ஆண்டு கழித்துப் பின்தொடர்ந்தது அங்கே. பம்பாயில் ஒரு பெண்ணின் வழக்கும் கடிதமும் முதலில் வந்தன. அந்தக் குரலுக்கேற்ற நாவல் பிறகுதான் வந்தது.

ஹரி நாராயண் ஆப்தேயின் மராத்தி நாவல் 'பண லக்ஷாத் கோண கேதோ' 1890 முதல் தொடராக வெளிவந்தது. யமுனா என்ற கைம்பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். கணவனோடு பம்பாயில் குடித்தனம் நடத்திய காலத்தில்தான் அவளுக்குப் படிப்பும் உரையாடலும் வாய்க்கின்றன. அவன் இறந்ததும் அவள் தலையை வலுக்கட்டாயமாக மழிக்கிறார்கள். வாசகர் கைம்பெண்ணைப் பார்த்து இரங்கும் இடத்தில் இல்லை. அவளுக்குள்ளிருந்து அந்தக் கத்தியை உணரும் இடத்துக்கு இழுக்கப்படுகிறார். இந்த உத்தியே பெரிய அறைகூவல் என்று நான் கருதுகிறேன். ஆப்தேக்குச் சற்று முன்பே, அகமத்நகரில் பிறந்து சென்னையில் வாழ்ந்து 1894இல் மறைந்த கிருபாபாய் சத்தியநாதன், தன்வரலாற்றுச் சாயலுள்ள 'சகுணா'வை ஆங்கிலத்தில் எழுதி, 1887-88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளியிட்டார்.

அதே கல்லூரியில் படித்தவர் அ. மாதவையா. திருநெல்வேலி அருகே பெருங்குளத்தில் 1872இல் பிறந்தவர். பிழைப்புக்கு உப்புத் துறை உத்தியோகம். 'விவேக சிந்தாமணி' இதழில் 1892இல் அவர் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' முற்றுப்பெறாமல் நின்றுபோனது. அந்தக் கதையை அவர் விடவில்லை. 1903இல் அது 'முத்துமீனாக்ஷி' ஆயிற்று: பிராமணப் பெண்ணொருத்தியின் சுயசரிதையாக அமைந்த சிறு நாவல். சிறுமியாக மணமாகி, மாமியார் வீட்டில் அல்லற்பட்டு, கைம்பெண்ணாகி, மறுமணம் செய்துகொள்கிறாள். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்கு வாதாடினார். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' அக்கிரகாரத்து வம்பையும் வாஞ்சையையும் அற்புதமாகப் பிடித்தது. இருவருமே வீட்டின் அஸ்திவாரத்தை அசைக்கவில்லை. மாதவையா அசைத்தார்.

ஆனால் எந்த வீட்டை? ருக்மாபாயின் தாய் ஜெயந்திபாயே கணவனை இழந்து, மருத்துவர் சகாராம் அர்ஜுனை மறுமணம் செய்தவர். அவர்கள் தச்சு வேலை செய்யும் சுதார் சாதி. அங்கே மறுமணம் வழக்கத்திலிருந்தது. தமிழ்நாட்டிலும் 'அறுத்துக் கட்டுகிற' சாதிகள் பல. மேல்சாதிகள் அந்தச் சொல்லையே இழிவாக வீசின. சீர்திருத்த நாவலோ மறுமணம் மறுக்கப்பட்ட வீட்டை மட்டுமே இந்துச் சமூகம் என்று எடுத்துக்கொண்டது. மாதவையா எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏழை மக்கள் பம்பாய்க்குப் பிழைக்கப் போய், தாராவியின் சதுப்பு ஓரத்தில் தோல் பதனிடும் கூடங்களில் வேலைக்குச் சேரத் தொடங்கிவிட்டார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் கைவெந்த அவர்களுக்கு அன்றைய தமிழ் நாவலில் இடம் கிடைக்கவில்லை. எலிசபெத் கேஸ்கெல் 1848இலேயே மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். நம் நாவல் தறியையும் தோலையும் தொட வெகுகாலமாயிற்று. இதை அக்காலத்தின் எல்லை என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. எழுத்தறிவும் அச்சும் யார் கையில் இருந்தனவோ, அவர்களுடைய துயரமே பொதுத் துயரம் ஆனது.

பம்பாய்க்கு வேறு தமிழர்களும் வந்தார்கள். 1896இல் அங்கே பிளேக் வந்தபின் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் மாதுங்காவுக்குத் தெருக்கள் வகுத்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கேயே தோன்றியது. பிற்பாடு செம்பூரும் தமிழர் பேட்டையானது. வேலைதேடி இந்நகரத்துக்கு வந்த இளைஞனை நாஞ்சில் நாடன் 'மிதவை'யில் (1986) எழுதியபோதுதான் தமிழ் நாவல் பம்பாயின் மின்ரயிலிலும் வாடகை அறையிலும் உண்மையாகக் கால் வைத்தது என்பேன். மும்பையில் வாழும் அம்பையோ விக்டோரியா காலம் பெற்றெடுத்த இன்னொரு வடிவத்தைக் கையிலெடுத்தார். ஷெர்லக் ஹோம்ஸ் 1887இல் தோன்றிய துப்பறியும் கதை, ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வழியாகத் தமிழுக்குப் பொழுதுபோக்காக வந்தது. அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014) நூலில் துப்பறிபவர் சுதா குப்தா, ஒரு பெண். அவர் விசாரிக்கும் வழக்குகள் குடும்பங்களுக்குள்ளிருந்தே வருகின்றன.