தபரீக்குச் சொன்னவர் யார்?

இப்னு சபா என்ற யமன் நாட்டு யூதர் இஸ்லாத்துக்குள் நுழைந்தார், ஊர் ஊராகப் போய்க் குழப்பம் மூட்டினார், கலீஃபா உஸ்மானின் கொலைக்கு வழி செய்தார், ஷியாக் கொள்கையே அவர் விதைத்ததுதான். சுன்னி–ஷியா விவாத நூல்களில் இந்தக் கதைக்குக் காட்டப்படும் ஆதாரம் பெரும்பாலும் ஒன்றே: ‘தபரீயில் இருக்கிறது’. வரலாற்றாசிரியர் தபரீயின் நூலில் அந்த இடத்தைத் தேடிப் போனேன்.

ஹிஜ்ரி 35ஆம் ஆண்டு நிகழ்வுகளில் கிடைத்தது. கதைக்கு முன்னால் அறிவிப்பாளர் தொடர் நிற்கிறது: தபரீக்கு எழுதி அனுப்பியவர் ஸரீ, அவருக்குச் சொன்னவர் ஷுஐப், அவருக்குச் சொன்னவர் ஸைஃப் இப்னு உமர். ஹிஜ்ரி 310இல் மறைந்த தபரீ, தமக்கு வந்ததை வந்தபடி தருவதாகவும், ஏற்க முடியாத செய்திகளுக்குச் சொன்னவர்களே பொறுப்பு என்றும் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். ஆக, சாட்சி தபரீ அல்ல, ஸைஃப்.

அவரைப் பற்றிச் சுன்னி அறிஞர்களே கடுமையாகப் பேசுகிறார்கள். நம்பகமானவர்களின் பெயரால் இட்டுக்கட்டியவர் என்கிறார் இப்னு ஹிப்பான். இப்னு ஹஜர் சற்று இறங்கிவந்து, ஹதீஸில் பலவீனமானவர், வரலாற்றில் சார்ந்திருக்கத் தக்கவர் என்கிறார். வரலாற்றாசிரியர் பலாதுரீ உஸ்மானின் கொலையை விரிவாக எழுதியும் அதில் இப்னு சபா என்ற சூழ்ச்சிக்காரரைச் சொல்லவில்லை. எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுஸைனுக்கு இந்தக் கதைமீது ஐயம் எழ இதுவும் ஒரு காரணம்.

ஷியா அறிஞர் முர்தளா அல்-அஸ்கரீ தனி நூலே எழுதி, இப்னு சபா ஸைஃபின் கற்பனை என்றார். பல ஷியா எழுத்தாளர்கள் அத்தோடு நூலை மூடிவிடுகிறார்கள். ஆனால் ஷியாக்களின் சொந்த ரிஜால் (அறிவிப்பாளர் மதிப்பீட்டு) நூலான கஷ்ஷீயில், ஸைஃப் இல்லாத தொடர்களில், இமாம்களின் பெயராலேயே இப்னு சபா வருகிறார்: அலீயை இறைவன் என்று சொல்லித் தண்டனை பெற்றவராக. அந்த அறிவிப்புகளில் உஸ்மானுக்கு எதிரான சதி இல்லை. என் முடிவு இது: அப்படி ஒருவர் இருந்திருக்கலாம்; ஊர் ஊராக விரியும் சதிக்கதை ஸைஃபின் தோளில்தான் நிற்கிறது.

தபரீயின் நூலில் ஹுஸைன் கொல்லப்பட்ட கர்பலா பகுதிக்கு வந்தால் ஆட்கள் இடம் மாறுகிறார்கள். அங்கே தபரீ பெரிதும் நம்பியது கூஃபாவின் அபூ மிக்னஃபை. தஹபீ அவரை நம்பத் தகாதவர் என்று தள்ளுகிறார். ஷியா அறிஞர் நஜாஷீயோ, அவர் அறிவிப்புகள் மன நிறைவு தருபவை என்கிறார். அபூ மிக்னஃப் தரும் சாட்சிகளில் ஒருவரான ஹுமைத் இப்னு முஸ்லிம், ஹுஸைனை எதிர்த்து வந்த படையில் இருந்தவர். எதிர்ப்படையின் ஆளே சொல்லும் சாட்சியத்தை ‘ஷியாப் புனைவு’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்படி ஒதுக்குகிறவர்களே சில பக்கங்கள் தள்ளி ஸைஃபை ஆதாரமாக வைப்பது வருத்தம் தருகிறது. ஸைஃபைப் பொய்யர் என்பவர்கள், அபூ மிக்னஃபிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் கடந்துபோவதும் அதே குற்றம்தான்.

இனி யாராவது ‘தபரீயில் இருக்கிறது’ என்றால், யார் சொல்லி எழுதினார் என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த செய்தி வரும்போதும் அதையே கேளுங்கள்.