சாட் நாட்டின் சாட்சிகள்



தெருவில் ஒருவன் மற்றொருவனைக் கொன்றுவிட்டால் அவனைப் பிடிக்கக் காவலர் உண்டு. விசாரிக்க நீதிபதி உண்டு. அடைக்கச் சிறைச்சாலை உண்டு. ஆனால் அந்தக் காவலரையும் சிறைச்சாலையையும் தன் கைக்குள் வைத்திருக்கும் ஆட்சியாளனே கொலை செய்தால் அவனைக் கேட்பது யார்? மறுமையில் அல்லாஹ் கேட்பான் என்பதில் எந்த முஃமினுக்கும் ஐயமில்லை. இவ்வுலகிலேயே கேட்க முடியுமா என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வியாகும். ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவே அமைந்துள்ள சாட் நாட்டின் எளிய மக்கள், கால் நூற்றாண்டுக் காலம் போராடி இக்கேள்விக்கு ஒரு விடையைத் தந்திருக்கின்றார்கள்.

பனூ ஜதீமா தந்த பாடம்

சாட் நாட்டு வரலாற்றுக்குள் செல்லுமுன் ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்வோம். மக்கா வெற்றிக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் தலைமையில் ஒரு படைப்பிரிவை பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பினார்கள். அக்கூட்டத்தார் தாம் இஸ்லாத்தை ஏற்றதைத் தெளிவான சொல்லால் வெளிப்படுத்தத் தெரியாமல் வேறொரு சொல்லால் கூறினர். அதை ஏற்காத காலித் (ரலி) அவர்கள் சிலரைக் கொன்று, சிலரைக் கைது செய்து, கைதிகளையும் கொல்லுமாறு ஆணையிட்டார்கள். படையிலிருந்த அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள், தம் கைதியைத் தாம் கொல்லப்போவதில்லை என்றும், தம் தோழர்களும் கொல்லமாட்டார்கள் என்றும் உறுதியாக மறுத்துவிட்டார்கள். நடந்தது நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துரைக்கப்பட்டபோது, அவர்கள் இரு கரங்களையும் உயர்த்தி, காலித் செய்ததற்கும் தமக்கும் தொடர்பில்லை என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். புகாரீ நூலில் இச்செய்தி பதிவாகியுள்ளது. பின்னர் அலீ (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டு, கொல்லப்பட்டோருக்கான இரத்த ஈட்டுத்தொகை முழுவதும் வழங்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

காலித் (ரலி) அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டே அவ்வாறு செய்தார்கள் என்பது அறிஞர்களின் விளக்கம். ஆயினும் செயல் மூடி மறைக்கப்படவில்லை. நம் தளபதி என்பதற்காக அது சரியென்று சொல்லப்படவும் இல்லை. ஆணைக்கு மறுத்தவர் குற்றவாளியாக்கப்படவில்லை. நடந்ததை எடுத்துச் சொன்ன நாவு அடக்கப்படவில்லை. சொல்லப்பட்ட உண்மையே பாதிக்கப்பட்டோருக்கு ஈட்டுத்தொகை கிடைக்க வழியாயிற்று.

நீச்சல்குளம் சிறையானது

இனி சாட் நாட்டுக்கு வருவோம். 1982 ஜூன் மாதம் ஹிஸேன் ஹப்ரே என்பவர் படைபலத்தால் தலைநகர் இன்ஜமினாவைக் கைப்பற்றி அதிபரானார். அவர் ஒரு முஸ்லிம். பாரிஸ் நகரில் உயர்கல்வி கற்றவர். லிபியாவின் கத்தாஃபிக்கு எதிரானவர் என்ற ஒரே காரணத்திற்காக அமெரிக்காவும் பிரான்சும் அவருக்குப் பணமும் ஆயுதமும் அளித்தன. 1987இல் வாஷிங்டனின் வெள்ளை மாளிகையில் அதிபர் ரீகன் அவரை வரவேற்றார்.

அதே வேளையில் அவருடைய நாட்டில் நடந்ததோ வேறு. 1983இல் அவர் தமக்கு மட்டுமே கட்டுப்பட்ட ஓர் உளவுத்துறையை உருவாக்கினார். பிரெஞ்சுக்காரர் கட்டிய நீச்சல்குளம் ஒன்றைக் கான்கிரீட்டால் மூடி, சிறு அறைகளாகத் தடுத்து, அதைச் சித்திரவதைச் சிறையாக்கினர். 1984இல் தென்பகுதி மக்கள், 1987இல் ஹஜராய் இனத்தார், 1989இல் ஸகாவா இனத்தார் என ஒவ்வொரு கூட்டத்தாரும் வேட்டையாடப்பட்டனர். முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அந்தச் சிறைக்கு இருக்கவில்லை. அவர் 1990 டிசம்பரில் ஆட்சி இழந்து செனகல் நாட்டுக்கு ஓடிய பின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, அவருடைய ஆட்சியில் சுமார் 40,000 பேர் மாண்டிருக்கலாம் என்று 1992இல் மதிப்பிட்டது.

சத்தியம் செய்த கைதி

சுலைமான் கெங்கெங் என்பவர் ஒரு கணக்காளர். 1988இல் பொய்க் குற்றச்சாட்டில் சிறையிலடைக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வாடினார். உடனிருந்தோர் ஒவ்வொருவராக மடிவதைக் கண்ட அவர், உயிரோடு வெளியேறினால் இவர்களுக்காக நீதி கேட்பேன் என்று இறைவன் மீது ஆணையிட்டார். ஆட்சி கவிழ்ந்து விடுதலையானதும், பாதிக்கப்பட்ட 792 பேரின் வாக்குமூலங்களை எழுதிச் சேர்த்தார். ஆனால் பழைய உளவுத்துறையினர் பலர் புதிய ஆட்சியிலும் பதவிகளில் அமர்ந்திருந்தனர். மிரட்டல் வந்தது. ஆகவே அந்தத் தாள்களைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்திருந்தார்.

1998 அக்டோபரில் சிலி நாட்டின் முன்னாள் ஆட்சியாளர் பினோசெட் லண்டனில் கைது செய்யப்பட்டபோது, எந்த நாட்டு ஆட்சியாளரையும் வேறொரு நாட்டின் சட்டம் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கை உலகெங்கும் துளிர்த்தது. மறைத்து வைக்கப்பட்ட அந்த வாக்குமூலங்கள் வெளியே வந்தன. 2000 ஜனவரியில் செனகல் தலைநகர் டக்காரில் ஹப்ரே மீது வழக்குத் தொடரப்பட்டது.

2001இல் கைவிடப்பட்ட உளவுத்துறை அலுவலகத்தில் பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் தரையில் சிதறிக் கிடந்ததை மனித உரிமை ஆய்வாளர்கள் கண்டெடுத்தனர். சிறையில் மாண்ட அல்லது கொல்லப்பட்ட 1,208 பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. அநீதி இழைத்தவர்களே தம் கையால் எழுதி வைத்த ஏடு அவர்களுக்கு எதிராகப் பேசலாயிற்று!

மூடிய கதவுகள்

வழக்கு எளிதில் நடக்கவில்லை. அந்நிய நாட்டில் நடந்த குற்றத்தை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று செனகல் நீதிமன்றங்கள் 2001இல் கைவிரித்தன. சாட் நாட்டில் பாதிக்கப்பட்டோருக்காக வாதாடிய பெண் வழக்கறிஞர் ஜாக்லின் மூதெய்னா அதே ஆண்டு ஓர் அமைதி ஊர்வலத்தில் கையெறி குண்டு வீச்சில் காலில் காயமுற்றார். ஆயினும் அவர் ஓயவில்லை. பாதிக்கப்பட்டோர் பெல்ஜியம் நாட்டின் நீதிமன்றத்தை அணுகினர். 2005இல் அங்கு பிடி ஆணை பிறந்தது. ஆனால் செனகல் அவரை ஒப்படைக்கவில்லை. இறுதியில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், ஒன்று தாமதமின்றி வழக்கை நடத்துங்கள், இல்லையேல் ஒப்படையுங்கள் என்று 2012 ஜூலை 20இல் செனகலுக்குத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் இணைந்து ஒரு சிறப்பு நீதிமன்றத்தை அமைத்தன.

2015 ஜூலையில் விசாரணை தொடங்கியது. தலைப்பாகையால் முகத்தை மூடி, கறுப்புக் கண்ணாடி அணிந்து அமர்ந்த ஹப்ரே வாய் திறக்க மறுத்தார். 93 சாட்சிகள் பேசினர். பாலைவன ராணுவ முகாமுக்கு அனுப்பப்பட்டுச் சிதைக்கப்பட்ட பெண்கள், கால் நூற்றாண்டுக் காலம் நெஞ்சில் பூட்டி வைத்திருந்ததை மன்றத்தில் எழுந்து நின்று கூறினர். நோயுற்ற போர்க்கைதிகளை மருத்துவமனையில் சேர்க்க அனுமதி கோரிச் செஞ்சிலுவைச் சங்கம் எழுதிய கடிதமும் மன்றத்தின் முன் வைக்கப்பட்டது. சாவு நேர்ந்தாலன்றி எந்தப் போர்க்கைதியும் சிறையை விட்டு வெளியேறக் கூடாது என்ற கருத்தில் அதில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அது ஹப்ரேயின் கையெழுத்தே என்று நிபுணர் உறுதி செய்தார்.

2016 மே 30இல் மானுட குலத்திற்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், சித்திரவதை ஆகியவற்றுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் தண்டனை உறுதியானது. 7,396 பேருக்கு 8,200 கோடி ஃபிராங்க்குக்கும் அதிகமான ஈட்டுத்தொகை வழங்குமாறும் ஆணையிடப்பட்டது. தண்டனை அனுபவித்து வந்த நிலையில் 2021 ஆகஸ்ட் 24இல் கொரோனா நோயால் ஹப்ரே மரணமடைந்தார்.

நிறைவு பெறாத நீதி

இந்த வரலாற்றில் குறைகளும் உள்ளன. அவர் இறக்கும்வரை அந்த நீதிமன்றம் ஆணையிட்ட ஈட்டுத்தொகை பாதிக்கப்பட்டோரின் கைக்கு வரவில்லை. 1984இல் தென்பகுதிக் கொலைகள் நடந்தபோது படைத் தலைமையில் இருந்த இத்ரீஸ் டெபி, பிறகு அதிபராகி 2021இல் இறக்கும்வரை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. ஆயுதம் கொடுத்த வல்லரசுகளை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. வலியவனுக்கு ஒரு சட்டம், எளியவனுக்கு ஒரு சட்டம் என்ற நோய் உலகை விட்டு நீங்கிவிடவில்லை. முந்தைய சமுதாயங்கள் அழிந்ததற்கு இந்நோயே காரணம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கின்றார்கள்.

பெருமக்களே! ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு முஸ்லிம் ஆட்சியாளர், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டில், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து கூறிய சாட்சியத்தால் தண்டிக்கப்பட்டார். அவர் நம்மவர், விட்டுவிடுங்கள் என்று அந்தச் சாட்சிகள் எண்ணியிருந்தால் இவ்வழக்கே இருந்திருக்காது. பிறர் நமக்கு இழைக்கும் அநீதிக்கு நீதி கேட்கும் நாம், நம்மவர் இழைக்கும் அநீதியைக் கண்டு மௌனம் காப்போமானால், நம் கோரிக்கைக்கு எடை ஏது? நமக்கே எதிராக, நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கின்றது. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குரியது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் அறிவிக்கின்றது.

நீதிமன்றம் என்பது கட்டடமும் சட்டப் புத்தகமும் மட்டுமல்ல. கண்டதைக் கண்டபடி சொல்லவும், சொன்னதை எழுதவும், எழுதியதைப் பல்லாண்டுகள் பாதுகாக்கவும் துணிந்தவர்கள் இல்லையெனில் அங்கே நீதிபதி எதை வைத்துத் தீர்ப்பளிப்பார்? அநீதி நடந்த தேதியையும் இடத்தையும் பெயர்களையும் மிகைப்படுத்தாமல், குறைக்காமல் பதிவு செய்து வைக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம். வீட்டில் நடக்கும் சிறு வழக்கிலும் மகனுக்கு எதிராக மருமகளின் பக்கம் உண்மை இருந்தால் அதைச் சொல்லப் பழகுவோம். அங்கே பழகாத நாவு அரசனின் முன்னே எழாது.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நீதிக்குச் சாட்சிகளாக நிற்பவர்களாக ஆக்கி அருள்புரிவானாக! அநீதியாகக் கொல்லப்பட்டோரின் குடும்பத்தாருக்கு ஆறுதலையும் நீதியையும் வழங்குவானாக! ஆமீன்.